கையெழுத்துக்குப் போன படப்புத்தகம்

அழகுமுத்து குடிக்க மாட்டான். வேலைக்கு மட்டம் போட மாட்டான். என் தங்கச்சி ராசம்மாவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னை ஓரவஞ்சனைக்காரி என்று சொல்ல முடியாது.

அவன் எங்களுக்கு அந்நியன் இல்லை. எங்கள் அப்பாவோடு கூடப்பிறந்த கடைசித் தங்கை மூக்காயி அத்தையின் மகன். அத்தையைக் கட்டியவர் கருப்பண்ணன், முசிறிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அந்தக் கருப்பண்ணனின் அண்ணன் ஒருவர் ஒரு சேவலுக்காகச் சொந்தத் தம்பியோடு பதினெட்டு வருஷம் பேசாமல் இருந்தவர். அந்த இரத்தம்தான் இவனுக்கும். நான் மூத்தவள் என்பதால் என்னை மதினி என்று கூப்பிடுவான். கூப்பிடும்போதே அதில் ஒரு கடுப்பு இருக்கும்.

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்றால் வரிசை வீடு, காம்பரா என்றால் அதில் ஒற்றை அறை; எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. ராசம்மாவுக்கு நாலாவது காம்பரா, எனக்குப் பத்தாவது. எழுபத்தொன்பதில் அவளை அவனுக்குக் கட்டிக் கொடுத்தோம். பெண் போனது சீலைப் பெட்டியோடு. மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. தேயிலைத் தூள் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. மூத்த சம்சாரம் என்று லயத்துப் பெண்கள் அந்தப் பெட்டிக்குப் பேர் வைத்தார்கள்.

பெட்டிக்குள் படப்புத்தகங்கள். காமிக்ஸ் என்று சொல்கிறார்களே, அதுதான். அறுபதோ எழுபதோ இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் படம் பார்க்கத் தெரியும். ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், தூள் சலித்துப் பிரிக்கிற அறையில் அவனுக்கு வேலை. ஈரக்காற்று பட்டால் தூள் என்ன ஆகும் என்று தெரிந்தவன். காய்ந்த தூளைச் சின்னச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் புத்தகங்களுக்கு நடுவே வைப்பான். அமாவாசைக்கு அமாவாசை முடிச்சை மாற்றுவான். அந்தத் தூளைக் கேட்டு வாங்கினானா, மடியில் கட்டி வந்தானா என்று நான் விசாரித்ததில்லை. புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி, அடுப்பில் காட்டிக் காயவைத்து, சாரத்தில் துடைத்து, பிறகுதான் பெட்டியைத் திறப்பான். சாப்பிடக்கூட அவன் இப்படிக் கை கழுவிப் பார்த்ததில்லை.

அதில் ஒரு புத்தகம்தான் ராஜா. பேர் 'சிறுத்தை வேலன்'. எழுபத்திரண்டில் வந்தது. இந்தியாவிலிருந்து படப்புத்தகம் வருவது நின்றுபோன காலம் அது. கொட்டகலையில் சித்திரம் படிப்பித்த பரமலிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், தானே படம் வரைந்து கொழும்பில் ஒரு அச்சகத்தில் போட்டார். நாலு புத்தகம் வந்தது, தாள் கிடைக்காமல் நின்றது. எண்பத்துமூன்று கலவரத்தில் அச்சகமும் எரிந்தது, அங்கே அடுக்கியிருந்ததெல்லாம் எரிந்தது. அழகுமுத்து வைத்திருந்தது முதலாவது. அட்டையில் ஒரு ஆள் சிறுத்தை மேல் உட்கார்ந்து நீர்வீழ்ச்சியைத் தாண்டுவான். எங்கள் ஊர்ச் சிறுத்தை நாய் பிடிக்க வரும். அதில் ஏறி ஒருவன் போகிறான் என்றால், போகட்டும்.

இதெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பெட்டி இருந்த இடம்தான் என் வயிற்றெரிச்சல்.

காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. தகரம் வெள்ளைக்காரன் காலத்தது. தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய பிறகு தகரம் கேட்டால் எழுதிக்கொண்டு போனார்கள், எழுதினதோடு சரி. மழைக்காலத்தில் ஐந்து இடத்தில் ஒழுகும். ஒழுகாதது ஒரே மூலை, அடுப்புக்கு எதிர்ப்புறம் பாய் விரிக்கிற அளவு. அந்த மூலையில் பெட்டி. அடுப்புக்கு மேலே இருந்த பரணில் தூக்கி வைக்கச் சொன்னால் புகை படிந்துவிடும் என்பான். இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் ஒழுகலுக்குச் சட்டி வைத்துவிட்டு அந்தச் சட்டிகளுக்கு நடுவே படுத்தார்கள்.

மூத்தது தங்கவில்லை. அடுத்துப் பிறந்தவள் பூரணி. அவளுக்கு ஏழு வயசில் இழுப்பு வந்தது. ஈரம் பட்டால் மார்பு கூவும், விசில் மாதிரி. இரண்டாயிரத்து மூன்று ஆனி மாத மழையில், அவளுக்குப் பதினாலு வயசு, மூன்று நாள் உட்கார்ந்தே தூங்கினாள். தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளய ஈரத்துல படுக்க வச்சா நான் மருந்து குடுத்துப் பிரயோசனம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராசம்மா வாய் திறந்தாள்.

“இந்தாங்க, அந்தப் பெட்டிய எடுங்க. புள்ள அங்க படுக்கட்டும்.”

“எங்க எடுக்கிறது?”

“எங்கயாச்சும் எடுங்க. ஸ்டோருக்குக் கொண்டு போங்க. மாட்டுப்பட்டிக்குக் கொண்டு போங்க.”

அவன் சொன்னான்: “பொஸ்தகம் நனைஞ்சா போச்சு. புள்ள நனைஞ்சா தொடச்சு விடலாம்.”

நான் வாசலில் நின்று கேட்டேன். என் காதால் கேட்டேன். பூரணியும் கேட்டாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு இவனைப் பற்றி நல்லதாக யார் என்ன சொன்னாலும் என் மண்டைக்குள் ஏறவில்லை.

நான் உள்ளே போய்க் கேட்டேன்: “ஏப்பா, நீ மனுசன்தானா?”

“மதினி, இது எங்க காம்பரா.”

“ஒங்க காம்பரான்னா ஒங்க புள்ளைக்கு அதுல எடம் இருக்கணும்ல?”

இந்தச் சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருந்தபோதுதான் கனடாவிலிருந்து பேச்சு வந்தது. பூரணிக்குப் படிப்பித்த ரஜனி டீச்சர் பரமலிங்கம் மாஸ்டருக்குச் சொந்தம். பூரணி பள்ளிக்கூடத்தில் உளறி, டீச்சர் கொழும்பில் இருக்கிற மாஸ்டர் வீட்டுக்குச் சொல்லி, அங்கிருந்து மாஸ்டரின் தங்கச்சி மகன் குகநேசனுக்குப் போயிருக்கிறது. அவன் கனடாவில் இருந்து பழைய படப்புத்தகம் சேர்க்கிறவன். இந்த ஒரு புத்தகம் உலகத்திலேயே வேறு யாரிடமும் இல்லை, மாஸ்டரிடம்கூட இல்லை என்று சொன்னான். ஐப்பசியில் வருகிறேன், மாமாவையும் கூட்டி வருகிறேன், அவர் கையெழுத்துப் போடட்டும், பிறகு அமெரிக்காவுக்கு அனுப்புவோம் என்றான். அங்கே ஒரு கம்பெனி இருக்கிறதாம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, எவ்வளவு சேதாரம் இல்லாமல் இருக்கிறது என்று பத்துக்கு நம்பர் போடுமாம். போட்டுக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டித் தருமாம். எட்டுக்கு மேலே வந்தால் குகநேசனே வாங்கிக்கொள்வானாம், நல்ல விலைக்கு.

அழகுமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயம் முழுக்க நடந்தான். ராசம்மா விடவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் அவனை நிறுத்தினாள்.

“இங்க சொல்லுங்க. எட்டு வந்தா?”

“எட்டு வந்தா வித்துட்டு முழு காம்பராவுக்கும் புதுத் தகரம் போடுறேன்.”

“வரலேன்னா?”

“வரும்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா பெட்டிய நானே தூக்கி வெளிய வைக்கிறேன். போதுமா?”

“சூடத்த அடிங்க.”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். கை சுட்டது, முகத்தைச் சுளித்தான். எனக்கு அது கொஞ்சம் சந்தோஷம்.

ஐப்பசியில் ஆட்கள் வந்தார்கள், நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார்கள். “அக்காவும் கூடப் போகட்டும்” என்றாள் ராசம்மா. “இல்லாட்டி அங்க ஒண்ணு நடக்கும், இங்க வந்து ஒண்ணு சொல்லுவீங்க.” அப்படித்தான் நான் போனேன். சாட்சிக்கு.

விடியற்காலையில் குளித்து, கோயிலுக்குப் போனான். புத்தகத்தைப் புதுத் துண்டில் சுற்றி வைத்திருந்தான். துண்டை விரித்து அம்மன் காலடியில் வைத்தான். தேங்காய் உடைத்தது, தீபம் காட்டியது எல்லாம் முடிந்தது. பிறகு கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளை மோதிர விரலில் தொட்டு, அட்டையின் நாலு மூலையிலும் வைத்தான். திருப்பிப் பின்னட்டையிலும் நாலு. அடக்கமாக, அழகாக வைத்தான். அவன் கை மஞ்சள் வைப்பதற்கென்றே பிறந்த கை மாதிரி இருந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கிறோம். ஜாதக நோட்டுக்கு வைக்கிறோம். புதுச்சீலைக்கு ஒரு ஓரத்தில் வைக்கிறோம். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் எதுவும் எங்கள் வீட்டிலிருந்து வெறுமனே போனதில்லை. முப்பத்தோரு வருஷம் ஈரக்கையால் தொடாமல் காத்த புத்தகத்தில், அவனே, அவன் விரலாலேயே ஈரமஞ்சளை வைத்தான். அந்த நேரத்தில் அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பூசாரிக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் துண்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். நானுஓயாவில் ஈரம் சொட்டும் லீக்ஸ் காய்கறிக் கட்டோடு ஏறிய ஒரு பொம்பிளை அவன் பக்கம் சாய்ந்தாள். “ஈரத்தக் கொண்டுக்கிட்டு இங்க வராத” என்று கத்தினான். அவள் சிங்களத்தில் நன்றாகத் திட்டினாள். எனக்கு முழுக்க விளங்கியது. நான் மறுத்துப் பேசவில்லை, அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

ஹோட்டலில் ஒரு அறை. ஜன்னலோரம் நாற்காலியில் பரமலிங்கம் மாஸ்டர். எழுபத்தைந்து வயசிருக்கும், கை நடுங்கியது. குகநேசனுக்கு முப்பத்தைந்து. வெள்ளைத் துணியில் கையுறை போட்டிருந்தான், டாக்டர் மாதிரி. மேசையில் வெள்ளைத் தாள் விரித்திருந்தது.

“கொண்டாங்கோ அண்ணை, மெதுவா வையுங்கோ.”

அழகுமுத்து துண்டை அவிழ்த்தான். குகநேசன் முதலில் மூக்கை நீட்டினான்.

“தேத்தண்ணி மணக்குது.”

“தூள் முடிச்சு வச்சிருந்தேனுங்க. ஈரம் இழுக்கும்.”

“அது பறவாயில்லை.” குனிந்தான். நிமிர்ந்தான். “இதென்ன, நாலு மூலையிலயும்?”

“மஞ்சளுங்க.”

“என்ன மஞ்சள்?”

“மஞ்சள்தாங்க. பூசுற மஞ்சள்.”

“ஆர் பூசினது?”

“நான்தாங்க. இன்னைக்குக் காலையில. கோயில்ல வச்சு.”

குகநேசன் தலையில் கை வைத்தான், கையுறையோடே. “ஐயோ அண்ணை! உங்களுக்கு விசரே? முப்பது வருசம் இப்பிடி வச்சிருந்திட்டு, அனுப்பிற அண்டைக்குக் கொண்டுபோய் மஞ்சளைப் பூசுறதோ?”

“நல்ல காரியத்துக்குப் போகுதுல்ல. எப்பிடி வெறுமன அனுப்புறது?”

“அமெரிக்காவில இதை ஊத்தை எண்டுதான் எழுதுவாங்கள். விளங்குதே? ஊத்தை!”

அழகுமுத்துவின் முகம் மாறியது. “மஞ்சள ஊத்தைன்னு சொல்றியா? நீ நெத்தியில பொட்டு வச்ச வீட்டுலதான் பொறந்தியா?”

வந்த காரியம் முடியும்வரை மரியாதை காக்க வேண்டும் என்று நினைத்தவன்தான். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போனது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் அந்த ஒரு நிமிஷம்தான் நான் அவன் பக்கம் நின்றேன்.

குகநேசன் குரலை இறக்கினான். சரி, நடந்தது நடந்துவிட்டது, இனிக் கையெழுத்து வேண்டாம் என்றான். அதற்கு ஒரு காரணம் சொன்னான். கையெழுத்துப் போடும்போது அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். அப்படிப் பார்க்காமல் போட்டது கையெழுத்து இல்லையாம். யாரோ புத்தகத்தில் கிறுக்கியதாகத்தான் எடுப்பார்களாம், அதற்கும் நம்பரைக் குறைப்பார்களாம்.

“நான் சாட்சிக்குத்தானே வந்திருக்கேன்” என்றேன்.

“நீங்கள் இல்லை அம்மா. அவையளின்ர ஆள் நிக்கவேணும்.”

“எழுதுனவர் இங்க ஒக்காந்திருக்காரு. எழுதுறத நான் பாக்கப்போறேன். இதுக்கு மேல என்ன ஆளு?”

“இலங்கையில அவையளுக்கு ஆள் இல்லை. அதுதான் சொல்லுறன், மாமா, நீங்கள் ஒண்டும் போடாதைங்கோ.”

மாஸ்டர் அதுவரை புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சட்டைப் பையிலிருந்து பால்பொயின்ற் பேனாவை எடுத்தார்.

“இது ஆரின்ர புத்தகம்?” என்று மருமகனைக் கேட்டார்.

“மாமா—”

“நான் படம் கீறினது. என்ர கடைசிக் கொப்பியும் அச்சகத்தோட எரிஞ்சு போச்சு. இவன் வச்சிருக்கிறான். இவனுக்கு நான் எழுதாமல் ஆருக்கடா எழுதுறது? உன்ர அமெரிக்காக்காரன் வந்து நிக்குமட்டும் நான் உயிரோட இருப்பனே?”

எழுதத் தொடங்கினார். வெறும் கையெழுத்து இல்லை. அட்டையில் நீர்வீழ்ச்சிக்கு மேலே நீலமாக வானம் வெறுமையாக இருந்தது. அதில், ‘அன்புத் தம்பி அழகுமுத்துவுக்கு, நான் மறந்ததை நீ மறக்கவில்லை, நீடூழி வாழ்க’ என்று மூன்று வரி, திகதி, ஊர், பிறகு பேர். கை நடுங்குகிறவர் எழுத்து ஆடக்கூடாது என்று அழுத்தி எழுதுவார். அழுத்திய அழுத்தத்தில் அட்டைக்கு அடியில் மூன்று தாளுக்குப் பள்ளம் இறங்கியது. பேனா நடுவில் மக்கர் பண்ணியது. அதை அட்டையின் ஓரத்திலேயே நாலு சுழி சுழித்துப் பார்த்தார். குகநேசன் ஒவ்வொரு சுழிக்கும் கண்ணை மூடித் திறந்தான், ஊசி குத்தின மாதிரி.

அழகுமுத்து சிரித்தபடி நின்றான். அவன் சிரித்து நான் பார்த்தது குறைவு. பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சிரிப்போடு புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தால்கூடப் பாதிச் சேதாரத்தோடு போயிருக்கும். குகநேசனுக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சளையாவது எடுத்துப் பார்ப்போம் என்று டிஷ்யூத் தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு மூலையைத் துடைத்தான். மஞ்சள் போகவில்லை, பரவியது. அழகுமுத்து பாய்ந்தான்.

“தண்ணியா! தண்ணியத் தொடுறியா!”

“விடுங்கோ அண்ணை, கிழியப்போகுது!”

“நீ விடு! சாமிக்கு வச்சதத் தொடைக்காத!”

“இது சாமியில்லை, புத்தகம்!”

“ரெண்டு பேரும் விடுங்க” என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் விட்டார்கள், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. கட்டைவிரல் நகம் அளவு மூலை ஒன்று ஈர டிஷ்யூவோடு ஒட்டிக்கொண்டு குகநேசன் கையுறையில் இருந்தது.

ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். நீ இழுத்தாய், நீ இழுத்தாய் என்று. நான் பார்த்ததைச் சொல்கிறேன்: இழுத்தது அழகுமுத்து. ஈரமாக்கியது மற்றவன்.

இதை இனி அனுப்புவதில் பிரயோசனமில்லை என்று குகநேசன் சொன்னான். அழகுமுத்து கேட்கவில்லை. “அனுப்பு. எனக்கு நம்பர் வேணும்” என்று நின்றான். மாஸ்டரும், “அனுப்படா. இல்லாட்டி நான் உன்னோட கொழும்புக்கு வரேல்லை” என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டான். கிழிந்த மூலையையும் ஒரு சின்னப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அழகுமுத்து, “எல்லாம் நல்லா நடந்துச்சு. மாஸ்டர் மூணு வரி எழுதிக் குடுத்தாரு” என்றான். மிச்சத்தை நான் சொன்னேன். அதற்குத்தானே போனேன். மஞ்சளைச் சொன்னபோது ராசம்மா வாயில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “மஞ்சள் வச்சது தப்பாக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். “வேற எதக் கேட்டாலும் சொல்லுவேன், இதக் கேக்காத” என்றேன்.

அமெரிக்காவிலிருந்து பதில் வர ஏழு மாசமானது. அந்த ஏழு மாசமும் பெட்டி அதே மூலையில்தான். “நம்பர் வரட்டும். சத்தியம் அப்பிடித்தான்” என்று அவன் சொல்லிவிட்டான். மார்கழி மழையில் பூரணியை நள்ளிரவா பகலா என்று பார்க்காமல் இரண்டு தடவை கொட்டகலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டாம் தடவை முதுகில் சுமந்தது அவன்தான். மலையிறக்கம் முழுக்க ஓடினான். அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லை என்று கண்டபிறகுதான் உட்கார்ந்தான். அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வைகாசி கடைசியில் ரஜனி டீச்சர் பார்சலைக் கொண்டு வந்தார். வெளியே சாரல். டீச்சர் குடையை மடக்கிவிட்டுக் காம்பராவில் முக்காலியில் உட்கார்ந்தார். சுற்றியிருந்த தாளைப் பிரித்தால் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக். அதற்குள் சிறுத்தை வேலன். மேலே ஒரு சீட்டு, அதில் இங்கிலீசு.

“என்னங்க டீச்சர் போட்டிருக்கு?” என்று அழகுமுத்து கேட்டான்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். “ரெண்டரை” என்றார்.

“எட்டுக்கு மேலயா ரெண்டரை?”

“இல்லை. ரெண்டரைதான். பத்துக்கு.”

பிறகு சீட்டிலிருந்ததையும் கூட வந்த கடுதாசியையும் வாசித்தார். அட்டையில் கிறுக்கல். அழுத்தியதால் பள்ளம். ஏழு மூலையில் கறை. ஒரு மூலை இல்லை. குகநேசன் தனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தான். இந்த உறையைத் திறக்கக்கூடாது, திறந்தால் நம்பர் செல்லாது என்றும் எழுதியிருந்தான்.

“கிறுக்கல்னா மாஸ்டர் எழுதுனதா?” என்று கேட்டான்.

“ஓம், அதுதான்.”

“ஏழு மூலையும் கறைன்னா மஞ்சளா?”

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராசம்மா அடுப்படியில் நின்றாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், அவளுக்கு இந்தக் கணக்குப் போதும்.

“பத்துக்கு ரெண்டரை. பூரணி வாங்கிக்கிட்டு வந்திருந்தா பிரம்ப எடுத்திருப்பீங்க.”

“ரெண்டரையும் நம்பர்தான்.”

“எட்டுன்னு சொல்லிச் சூடம் அடிச்சீங்க.”

“அவனுங்களுக்கு என்னா தெரியும்? மஞ்சளுக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் போட்ட நம்பர வச்சு நான் பெட்டிய எடுக்கணுமா?”

“ஓகோ. எட்டு போட்டிருந்தா அவனுங்க தெரிஞ்சவனுங்க. ரெண்டர போட்டா தெரியாதவனுங்க.”

“நீ பேசாத.”

“நான் ஏன் பேசக்கூடாது? இருபத்தஞ்சு வருசம் அந்தப் பெட்டிதான் இந்த வீட்டுல பேசிச்சு.”

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் கூடினார்கள். அழகுமுத்து பிளாஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். எழுப்பிப் பார் என்கிற மாதிரி.

அப்போது பூரணி வந்தாள். அப்பனிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை. அன்றைக்கும் மார்பு கூவியது, வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

“அப்பா, எந்திரிங்க.”

“நீ போய்ப் படும்மா.”

“அங்கதான் படுக்கணும். எந்திரிங்க.”

அவன் அசையவில்லை. பிள்ளை குனிந்து பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், மேலே அப்பன் உட்கார்ந்திருக்கும்போதே. ஒரு விரற்கடை நகர்ந்தது. மூச்சு வாங்கியது. நின்றாள். மறுபடி பிடித்தாள். இன்னும் ஒரு விரற்கடை. ராசம்மா உதவிக்குப் போகப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் காதுக்குப் பக்கத்திலேயே மகளின் மூச்சு விசிலடித்தது. மூன்றாம் தடவை பிடித்தபோது அவன் எழுந்துவிட்டான்.

யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தனியாகவே தூக்கினான். கூடியிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தான். அங்கே சாரல் நேராக அடிக்கும். உரச்சாக்கை இரண்டாகக் கிழித்து அதன்மேல் போர்த்தினான். பிளாஸ்டிக்கில் இருந்ததை மட்டும் உள்ளே கொண்டுபோய், ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே, சட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்து வழிந்தது. உள்ளே ஒரு துளி போகவில்லை. இனிமேல் அதற்குக் காய்ந்த மூலை தேவையே இல்லை, அதைப் புரட்டிப் பார்க்கவும் முடியாது.

பூரணி அந்த மூலையில் பாயை விரித்துப் படுத்தாள். இரண்டு நாளில் மார்புச் சத்தம் அடங்கியது.

மூன்றாம் நாள் மழை பலமாகப் பிடித்தது. சாயந்தரம் என் காம்பரா வாசலில் அழகுமுத்து வந்து நின்றான். தலையெல்லாம் நனைந்திருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவன் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“மதினி.”

“என்ன?”

“சாக்கு தாங்கல. ஒங்க காம்பராவுல காஞ்ச எடம் ஏதாச்சும் இருக்கா?”

என் வீட்டுக்காரர் செத்துப்போய் நான் ஒற்றை ஆள். என் காம்பராவில் இரண்டு மூலை ஒழுகாது. ஒன்றில் நான் படுப்பேன், மற்றது சும்மாதான் கிடந்தது. பூரணியை அங்கே படுக்க வைக்கக் கூப்பிட்டபோதெல்லாம் விடாதவன், இப்போது அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“இருக்கு” என்றேன். “ஆனா குடுக்க மாட்டேன்.”

“நல்லது மதினி” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். அந்த மழைக்கே பெட்டியிலிருந்ததெல்லாம் ஊறி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போனது. அதற்குப் பிறகு அவன் உயிரோடு இருந்த நாலு வருஷமும் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.